கூப்பிடாத பெயர்

ஓர் ஆய்வுக்கூடத்துக் கணினிக்குள் புரதத் துண்டுகளின் பெயர்கள் கூட்டங்கூட்டமாய்க் குடியிருந்தன. எடை பார்க்கும் கருவி ஏதாவது ஒரு துண்டின் எடைக்குறிப்பை அனுப்பும். தேடல் மென்பொருள் அதற்குப் பொருந்துகிற பெயரைத் தேடிக் கூப்பிடும்.

அங்கே ஒரு போலிப்பெயரும் இருந்தது. மென்பொருளைச் சோதிப்பதற்காக, நிஜப்பெயர் ஒன்றைப் பின்னாலிருந்து முன்னாகத் திருப்பி எழுதி யாரோ நடுவில் செருகி வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் உலகத்தில் எந்தத் துண்டும் கிடையாது. பாவம், அதற்கு அது தெரியாது. பக்கத்துப் பெயர்கள் எழுந்து போவதைப் பார்த்துப் பார்த்து ஏங்கும்.

ஒருநாள் மங்கலான குறிப்பு ஒன்று வந்தது. மென்பொருள் அவசரப்பட்டு, "நீதான், வா!" என்றது.

போலிப்பெயர் துள்ளிக்கொண்டு ஓடியது. "என்னைக்கூடக் கூப்பிட்டீங்களே!"

அதன் முதுகிலிருந்த 'போலி' முத்திரையைப் பார்த்ததும் மென்பொருளின் முகம் சுண்டிப்போயிற்று. "நீயா? அப்போ நான் கண்ணை மூடிக்கிட்டுல்ல ஆள் பிடிச்சிருக்கேன்!" அன்றைக்கு அரைகுறையாகப் பொருந்தி வந்த பெயர்களையெல்லாம் திருப்பி அனுப்பியது.

"நான் வந்தது தப்பா?" என்றது போலிப்பெயர்.

"தப்பு என்னோடது. நீ வந்ததாலதான் அது எனக்கே தெரிஞ்சுது."

மறுநாள் மென்பொருள் நிதானமாகத் தேடியது. வேலை முடிந்ததும் நேரே போலிப்பெயரிடம் வந்து, "இன்னைக்கு உன்னைக் கூப்பிடவே இல்லை, பார்த்தியா?" என்று பெருமையாகச் சொன்னது.

"பார்த்தேன்," என்றது போலிப்பெயர். "காலையிலிருந்து காதைத் தீட்டிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்."