மூன்றாவது பூச்சு

கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்த கார் பானட்டின் மேல் தண்ணீரை ஊற்றி, உப்புத்தாளை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

பக்கத்து வீட்டு டெய்லருக்குப் பொறுக்கவில்லை. மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானேங்க இருந்துச்சு? மூணாவது தடவையா சுரண்டுறீங்களே, பெயிண்ட் கடைக்காரன் உங்களுக்குச் சொந்தமா?"

"தூசி விழுந்துடுச்சு" என்றேன்.

பொய். ஒரு தூசியும் இல்லை. எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று தெருவே பேசுகிறது. பேசட்டும்.

கார் அப்பாவுடையது. எனக்கும் மூத்தது. அப்பா போன பிறகு கீழ்வீடும் காரும் எனக்கு, மாடி தம்பிக்கு என்று ஆனது. வெறும் இரும்பு, விற்றுத் தொலை என்றான் அவன். முடியாது என்றேன் நான். பேச்சு வளர்ந்து, "இனிமே அந்த வண்டி மேல என் சுண்டுவிரல்கூடப் படாது" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினான்.

அதோடு சரி.

மாடிப்படி கார் ஷெட்டுக்குள்தான் இறங்குகிறது. தினமும் போகிறான், வருகிறான். சட்டைகூட வண்டி மேல் உரசாமல் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடக்கிறான், படுபாவி.

எனக்குக் கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை. மேலே தம்பி நடக்கிற சத்தம்தான் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற சத்தம். அதைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். அது நின்றால், தூங்கிவிட்டான் போல என்று நானும் விளக்கை அணைக்கிறேன். ஒரே தட்டைக் கழுவி, அதே தட்டில் மறுபடியும் சாப்பிடுகிறவனுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஈரப் பெயிண்டைக் கண்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. காய்ந்துவிட்டதா என்று ஒரு விரலை வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டு ஜன்னல், கேட், நாற்காலி, எதை எடுத்தாலும் ஓர் ஓரத்தில் அவன் விரல் தடம் இருக்கும். "இவன் விரலுக்குன்னு தனியா ஒரு டப்பா வாங்கணும்டா" என்பார் அப்பா. சின்ன வயதில் இதே காரின் கதவில் சிக்கியதில் அந்த விரல் நுனியில் குறுக்கே ஒரு தழும்பு வேறு. நான் இல்லை என்று அவனால் சாதிக்கவும் முடியாது.

முதல் தடவை நான் பெயிண்ட் அடித்த மறுநாள், பானட் ஓரத்தில் ஒரு விரல் தடம் இருந்தது. எந்தச் சனியன் கை வைத்ததோ என்று திட்டிக்கொண்டே உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் மிஷினை ஓட்டினேன். மர பீரோக்களுக்கு ஆயுசு முழுக்கப் பாலிஷ் போட்ட கை. குறையைக் கண்டால் மூளையைக் கேட்காது.

மிஷினை நிறுத்திய பிறகுதான் உறைத்தது.

அந்தத் தடத்தின் குறுக்கே ஒரு கோடு இருந்தது.

அட மடையா! தலையில் அடித்துக்கொண்டேன். நான் அடித்துக்கொள்வது பானட்டில் பளிச்சென்று தெரிந்தது.

மறுபடியும் சுரண்டி, மறுபடியும் அடித்து, காத்திருந்தேன். ஒரு கொசுதான் விழுந்து செத்துக் கிடந்தது. பின்னே? அவனாக இறங்கி வந்து வைத்த தடத்தை அண்ணன் வழித்து எறிந்துவிட்டான் என்றுதானே அவன் நினைத்திருப்பான்?

மாடிக் கதவைத் தட்டி, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் தீர்ந்தது. பாதிப் படி வரை ஏறியும் பார்த்தேன். கால் வரவில்லை. வீம்பு எங்கள் குடும்பச் சொத்து. அதை மட்டும் பாகம் பிரிக்காமல் ஆளுக்கு முழுசாக எடுத்துக்கொண்டோம்.

டெய்லர் உள்ளே போனதும் தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கினேன். மூன்றாவது தடவையாக ஸ்ப்ரே கன்னைப் பிடித்தேன். எங்கேயும் ஒழுகாமல், திட்டுத் திட்டாக இல்லாமல் அருமையாக விழுந்தது கரும்பச்சை.

அப்புறம்தான் ஆயுசில் செய்யாத அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பானட்டின் அதே ஓரத்தில் என் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினேன். யாராவது பார்க்கிறார்களா என்று மதில் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சாயங்காலம் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அது இறங்கி முடித்ததும் கேட் திறக்கும் சத்தம் வர வேண்டும். வரவில்லை. கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே போய்ப் பார்க்க ஆசை. தைரியம்தான் இல்லை. வெகு நேரம் கழித்துக் கேட் கிறீச்சிட்டது.

காலையில் பாலிஷ் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். வயரைச் செருகினேன். வண்டியைச் சுற்றி வந்தேன். டயரைப் பார்த்தேன், கண்ணாடியைப் பார்த்தேன். அந்த ஓரத்தைக் கடைசியாகத்தான் பார்த்தேன்.

என் தடம் அப்படியே இருந்தது.

அதை ஒட்டினாற்போல் இன்னொன்று. குறுக்கே ஒரு கோடு.

மதிலுக்கு மேல் டெய்லரின் தலை எழுந்தது. "அடக் கடவுளே, மறுபடியும் தூசியா?"

மிஷினின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினேன்.

"இல்லைங்க" என்றேன். "வேலை முடிஞ்சுது."