சிகாகோவின் ஊசிக் கோபுரம்

ஈரோட்டில் பொய் ஜன்னல்கள் தயாரிக்கும் கம்பெனியில் இளமதிக்கு வேலை. ஜன்னலே இல்லாத அறைகளின் சுவரில் மாட்டும் திரைகள் அவை. அவற்றில் தெரியும் அமெரிக்க நகரங்களின் கட்டட வரிசையை அன்றன்றைய படங்களோடு ஒப்பிட்டுத் திருத்துவாள்.

அன்று மாலை பார்த்தால் சிகாகோவின் ஏரிக்கரையில் சியாட்டிலின் ஊசிக் கோபுரம் நின்றது. முந்தின நாள் இரண்டு ஊரையும் அருகருகே வைத்து ஒப்பிட்டபோது அவள்தான் கை தவறி இழுத்து விட்டிருந்தாள்.

திருத்துவதற்குள் கவின் வீடியோவில் வந்தான். சிகாகோவுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமான கணவன். அவனுக்குப் பின்னாலிருந்த ஜன்னலில், ஏரிக்கரையில், அதே கோபுரம்.

"ஏனுங்க, அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்க."

"குளிர் ஊரு அம்மிணி. இங்க எந்த ஜன்னலும் திறக்காது."

"அப்ப கீழ ரோட்டுக்கு எறங்கிப் போய்ப் பேசுங்க."

"வந்த நாள்ல இருந்தே கீழ விடறதில்லையே. கேன்டீன், ரூம், எல்லாம் மேலயேதான்."

அவள் தன் திரையில் கோபுரத்தை அழித்தாள். அவனுக்குப் பின்னாலும் அது மறைந்தது.

அவள் பார்வை போன பக்கம் கவினும் திரும்பிப் பார்த்தான்.

"பனி மூடிருச்சு," என்றான். "இங்க அடிக்கடி இப்படித்தான் அம்மிணி."