கைக்கு மாவுக்கட்டு

ஃபைப்ரோமயால்ஜியா வந்தால் உடம்பெல்லாம் வலிக்கும். எந்த ஸ்கேனிலும் தெரியாது. தெரியாத வலியை வீட்டில் எப்படிக் காட்டுவது என்றுதான் மருமகளுக்குப் புரியவில்லை.

“ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லையாமே! பாத்திரத்தைப் பார்த்தா மட்டும் வலிக்குமாக்கும்?” என்றாள் மாமியார்.

“அம்மா கேக்கறதும் நியாயம்தானே?” என்றான் கணவன்.

மறுவாரம் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து கையில் மாவுக்கட்டுடன் வந்தாள்.

“ஐயையோ! நீ எதையும் தொடாதடி கண்ணு!”

மாமியார் தலை வாரிவிட்டாள். கணவன் பாத்திரம் தேய்த்தான். ஓய்வு கிடைத்ததும் தூக்கம் வந்தது. தூக்கம் வந்ததும் வலி பாதியாகக் குறைந்தது.

“கட்டைப் பிரிச்சிடலாமா டாக்டர்?”

“உடையாத கைதானே, எப்ப வேணாலும் பிரிக்கலாம். ஆனா மாத்திரைதாம்மா உங்களுக்கு. கட்டு, வீட்டுல இருக்கறவங்களுக்கு. அவங்களுக்கு இன்னும் குணமாகலையே!”