கரடிக்கு எதிராக ஒரு ஓட்டு

“கரடி திருடன் இல்லப்பா, நான் கேரண்டி!” பால்கனியில் மனைவி போனைப் பார்த்துச் சிரித்தாள்.

கணவனுக்கு வயிறு எரிந்தது. கூட்டத்தில் ஒளிந்திருக்கும் திருடனைக் கண்டுபிடித்து, ஓட்டுப் போட்டு வெளியேற்றும் ஆன்லைன் ஆட்டம் அது. மூன்று வாரமாக யார்மேல் ஓட்டுப் போட்டாலும், ‘கரடி’ என்ற பெயரில் ஆடும், வாயே திறக்காத அந்த ஆள்மேல் மட்டும் அவள் போடுவதில்லை.

குளிக்கப் போவதாகச் சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டு, ‘ஆணி’ என்ற பெயரில் அவனும் ஆட்டத்துக்குள் நுழைந்தான்.

“கரடிதான் திருடன். எழுதி வச்சுக்குங்க,” என்று தட்டினான். “பேசாம இருக்கறவன நம்பாதீங்க. எழுதி வச்சுக்குங்க.”

பத்து நிமிடம் விடவில்லை. ஐந்து ஓட்டில் கரடி வெளியே. ‘கரடி திருடன் அல்ல’ என்றது திரை. அதைப் பற்றி அவனுக்கென்ன? உலர்ந்த தலையைத் துவட்டியபடி நிம்மதியாக வெளியே வந்தான்.

மனைவி போனில் யாரையோ தேற்றிக்கொண்டிருந்தாள்.

“யாரோ ஆணியாம், உங்களைப் போய்த் திருடன்னுட்டான். மனசுல வச்சுக்காதீங்க மாமா.”

ஸ்பீக்கரில் பதில் சொன்னது அவனுடைய அப்பா. கல்யாணத்தன்று போட்ட சண்டையோடு அவன் பேச்சை நிறுத்திவிட்ட அப்பா.

“விடும்மா. வரிக்கு வரி ‘எழுதி வச்சுக்குங்க’ன்னு சொல்ல நம்ம வீட்ல ஒருத்தன்தான் இருக்கான். திட்டினா திட்டட்டும். ரெண்டு வருஷம் கழிச்சு என்கிட்ட பத்து நிமிஷம் பேசியிருக்கான்.”

மனைவி திரும்பி அவனது உலர்ந்த தலையைப் பார்த்தாள்.

“நாளைக்கும் வருவானாம்மா?” என்றது போன்.