பொய் சொன்ன சென்சார்

"என் தம்பி தண்ணி திருடுறான் சார்! கையும் களவுமாப் பிடிச்சுக் குடுங்க."

மெக்கானிக் வண்டியை நிறுத்துவதற்குள் அக்கா பொரிந்து தள்ளிவிட்டார்.

அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை நின்று ஆறு வருஷம். தோட்டத்தைப் பிரித்துக்கொண்டார்கள், தண்ணீர்த் தொட்டியைப் பிரிக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் மண்ணில் புதைத்த வயர்லெஸ் சென்சார்கள் ஈரத்தை அளந்து சொல்லும். காய்ந்த பக்கத்துக்குக் குழாய் தானாகத் திறக்கும். இன்று காலை, தம்பி பக்கத்துச் சென்சார் ஒன்றின் பேச்சு மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று, 'நம்ப வேண்டாம்' எனத் திரையில் சிவப்பு விழுந்திருந்தது.

"ஊரை ஏமாத்தலாம், மிஷினை ஏமாத்த முடியுமா?" என்றார் அக்கா.

மெக்கானிக் வேலியைத் தாண்டிப் போனார். தம்பியின் தக்காளிச் செடிகள் தலை தொங்கி நின்றன. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. சென்சாரோ ஒரு வாளித் தண்ணீரில் சுகமாக முங்கிக் கிடந்தது.

பக்கத்தில் நின்ற தம்பியைப் பார்த்து மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "ஏங்க, உங்களுக்குத் திருடக்கூடத் தெரியலையே! இதை அடுப்புப் பக்கம் வச்சிருந்தா தண்ணி உங்களுக்கு வரும். இப்படி வச்சா சொட்டு விடாம அக்கா பக்கம்தானே போகும்?"

"போகட்டும் சார். தொட்டியில இருக்கிறது ஒரு பக்கத்துக்குத்தான் காணும். அக்கா செடி இப்பத்தான் பூ விட்டிருக்கு."

"அதை அவங்ககிட்டயே சொல்லலாமே?"

"ஐயையோ!" தம்பி பதறிப்போனார். "தெரிஞ்சா அக்காவும் அவ சென்சாரை வாளியில போட்டுடுவா சார்!"