அண்ணியின் காது வலி

அண்ணிக்கு மறுபடியும் காது வலி.

தண்ணீருக்கு மேலே தலை வந்ததுமே பாப்பா வாயிலிருந்த குழாயைத் துப்பினாள்.

“என்ன அண்ணி இது? இப்பதானே இறங்கினோம்!”

“சாரிடி. விண்ணு விண்ணுனு தெறிக்குது.” அண்ணி ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

இது மூன்றாவது முறை.

கரையில் நின்ற அண்ணன் கை தட்டினான். “ஆழ்கடல் வீராங்கனை அதுக்குள்ள திரும்பி வந்தாச்சு! ஆரத்தி எடுக்க ஆள் இல்லையா?”

பயிற்சிக்கு வந்திருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். அண்ணியும் கூடச் சேர்ந்து சிரித்ததுதான் பாப்பாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ரோஷம்கூட இல்லையே!

அது ஒரு பழைய கல்குவாரி. கல்லை வெட்டி எடுத்துக்கொண்டு போன பிறகு ஊற்று நிரம்பிக் குளமாகிவிட்ட இடம். கடலுக்குப் போகுமுன் ஸ்கூபா பழகுகிறவர்கள் இங்கேதான் வருவார்கள்.

பாப்பா என்பது வீட்டில் மட்டும். வெளியே அவள் கடல் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவி ஆராய்ச்சியாளர். இத்தனை நாளும் யாரோ கடலடியிலிருந்து அள்ளி வந்த பாசியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, ‘நீயே இறங்கி எடு’ என்று இப்போதுதான் வாய்ப்பு வந்திருக்கிறது. இந்தப் பயிற்சியில் தேறினால்தான் அது.

இங்கே ஜோடியாகத்தான் சேர்த்துக்கொள்வார்கள். “தனியா எதுக்கு? நானும் வரேன்” என்று அண்ணி தானாகவே வந்து ஒட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவளுக்குக் கடலுக்கடியில் என்ன வேலையோ!

பாப்பாவின் உடை, மாஸ்க், காற்றடைத்த மிதவைக் கோட்டு எல்லாமே புத்தம் புதுசு. இன்றுதான் முதன்முதலாகத் தண்ணீரைப் பார்க்கின்றன. அண்ணி போட்டிருந்தது முழங்கையில் ஒட்டுப் போட்ட வாடகை உடை.

பயிற்சி ஒன்றும் பிரமாதமில்லை. மூன்று ஆள் ஆழத்தில் ஓர் இரும்பு மேடை. அதில் உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டி, உள்ளே போன தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். அவ்வளவுதான்.

பாப்பா மாஸ்க்கைக் கழற்றியதுதான் தாமதம், அண்ணியின் கை வந்து அவள் மணிக்கட்டைக் கவ்விக்கொள்ளும். ஒருவழியாக மாஸ்க்கை மாட்டிப் பார்த்தால், அண்ணி கட்டைவிரலை உயர்த்திக்கொண்டிருப்பாள். தண்ணீருக்கடியில் அதற்கு ‘சபாஷ்’ என்று அர்த்தமில்லை. ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். ஒருத்தர் காட்டினால் இன்னொருத்தரும் ஏறியே ஆகவேண்டும்.

பாப்பா நேரே பயிற்சியாளரிடம் போனாள்.

“மாஸ்டர், எனக்கு வேற ஜோடி வேணும்.”

“ஏம்மா?”

“அண்ணிக்குக் காது வலியெல்லாம் ஒண்ணுமில்ல. பயம்! பாருங்க, பிடிச்ச பிடியில கை எப்படிச் சிவந்திருக்குன்னு. விட்டா என் வேலைக்கே உலை வச்சிடுவாங்க.”

பக்கத்திலேயே துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அண்ணியின் காதில் அது விழாமல் இருந்திருக்காது.

“மாஸ்டர்கூடவே போயிட்டு வாடி. நான் இங்கயே இருக்கேன்” என்றாள் சாதாரணமாக.

மாஸ்டர் அண்ணியை ஒருமுறை பார்த்தார். “சரி, என்கூட வாங்க” என்றார்.

இறங்கினார்கள். மேடையில் உட்கார்ந்தார்கள். அவர் சைகை காட்டியதும் பாப்பா மாஸ்க்கைக் கழற்றினாள்.

சில்லென்று மூக்கில் ஏறியது தண்ணீர். கண் எரிந்தது. எல்லாமே பச்சையாய்க் கலங்கியது. அடுத்து அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்த மாஸ்டரின் கைதான்.

மேலே வந்ததும் கேட்டாள். “நீங்களுமா மாஸ்டர்? நீங்க எதுக்குக் கையைப் பிடிச்சீங்க?”

கரையில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் அவர் கேட்டார்: “மாஸ்க்கைக் கழட்டினதும் என்னம்மா பண்ணீங்க?”

“உட்கார்ந்திருந்தேன்.”

“இல்லம்மா. மூச்சை அடக்கிட்டு, காலை உதைச்சு மேலே கிளம்பிட்டீங்க. அந்த ஆழத்துலேருந்து மூச்சை அடக்கிட்டு விருட்டுனு மேலே வந்தா நுரையீரலே கிழிஞ்சிடும். அதான் பிடிச்சேன்.”

பாப்பா சிவந்திருந்த மணிக்கட்டைப் பார்த்தாள். “இப்ப மட்டும்தானே அப்படி?”

“காலையிலேருந்தே அப்படித்தான். நான் உங்களுக்குப் பின்னாடியேதானே இருந்தேன்? பயந்தவங்க பக்கத்துல இருக்கிறவங்களை மேலே இழுப்பாங்க. உங்க அண்ணி உங்களைக் கீழே இழுத்துப் பிடிச்சிருந்தாங்க. நீங்க ஒழுங்கா மூச்சு விட ஆரம்பிச்ச பிறகுதான் கட்டைவிரலையே காட்டினாங்க.”

கரையில் அண்ணன் இன்னும் ஓயவில்லை. “ஏய், இனிமே நீ பாத்ரூம் பக்கெட்டோட நிறுத்திக்கோ!” அண்ணி அதற்கும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாப்பாவால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

“இவ்வளவு கேலி பண்றாங்களே மாஸ்டர்... அண்ணி ஏன் ஒரு வார்த்தைகூடச் சொல்லலை?”

“போன தடவை ஏறினப்பவே நானும் அதையேதாம்மா கேட்டேன். ‘இன்னும் ரெண்டு தடவை இறங்கினா பாப்பா பழகிடுவா, மாஸ்டர். அதுவரைக்கும் அந்தப் பயம் என் பேர்லயே இருக்கட்டும்’னாங்க.”