நடுவில் இருந்த கப்கேக்

"ஒண்ணு மட்டும் நிஜ கப்கேக் போதும். மத்ததெல்லாம் தெர்மாகோல்ல வெச்சுடுங்க" என்றாள் வீட்டுக்காரி.

பிறந்தநாள் மேஜையை அலங்கரிக்க வந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்வரிசைக்கு தெர்மாகோல் வைப்பது தொழிலில் சகஜம்தான். முன்வரிசைக்குமா?

"மேடம், பிள்ளைங்க வந்ததும் பாய்ஞ்சு எடுப்பாங்களே?"

"யாரும் எடுக்க மாட்டாங்க. போட்டோவுல நிறைவா தெரிஞ்சா சரி."

ஊருக்குப் படம் காட்டுவதிலும் இப்படியொரு கஞ்சத்தனமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தெர்மாகோல் கப்புகளின் மேல் கிரீமைச் சுழித்து அடுக்கினாள். நிஜ கேக்கை நடுவில் வைத்தாள்.

புது கவுனில் வீட்டுக்காரியின் மகள் ஓடி வந்தாள்.

"அய், இவ்ளோவா! கிளாஸ்ல எல்லாரையும் கூப்பிட்டிருக்கேம்மா."

வீட்டுக்காரி பலூனைச் சரிசெய்தாள். மகள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"போன வருஷம் மாதிரி யாருமே வரலைன்னாலும் நீ அழாதேம்மா. அன்னிக்கு எல்லா கேக்கையும் குப்பையில கொட்டிட்டு அழுதியே, இந்தத் தடவை ஒண்ணுகூட வீணாக விடமாட்டேன். நானே தின்னுடறேன், பாரு."

மேஜையை ஒரு சுற்று பார்த்தாள்.

"நடுவுல இருக்கறதுதான் அழகா இருக்கு. யாராவது வந்தா அவங்களுக்கு."

ஓரத்தில் இருந்த ஒன்றை எடுத்து, வாயைப் பெரிதாகத் திறந்தாள்.